ஸ்டியரிங்கில் ‘ஃபீல்’ இல்லையா? ஸ்போர்ட்ஸ் கார் கையாளுதலை மேம்படுத்துவது எப்படி? சென்னை ஓட்டுநர்களுக்கான முழு விளக்கம்

‘கார் சூப்பரா போகுது, ஆனா ஸ்டியரிங் செத்த மாதிரி இருக்கு’. அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கம் இருக்கும் ஒர்க்‌ஷாப்களில் ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. வேகம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது. ஆனால் வளைவில் திருப்பும்போது முன் டயர் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

இது வெறும் ரசனை சார்ந்த விஷயம் அல்ல. மழை நாளில் சர்தார் படேல் சாலையில் தேங்கிய நீர் மேல் கார் ஏறும்போது, ‘டயர் பிடிப்பை இழக்கிறது’ என்ற தகவல் முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று உங்கள் உள்ளங்கை. அந்தத் தகவல் வராவிட்டால் சுதாரிக்க நேரம் இருக்காது.

ஸ்டியரிங் ஃபீல் என்றால் என்ன, அது ஏன் குறைகிறது, எதை மாற்றினால் பலன் கிடைக்கும், எதைத் தொட்டால் சட்டச் சிக்கல் வரும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டியரிங் ஃபீல் என்றால் என்ன?

சாலையில் டயர் என்ன செய்கிறது என்பதை ஸ்டியரிங் வழியாகக் கை உணர்வதுதான் ஸ்டியரிங் ஃபீல். இதற்கு அடிப்படை ஒரு எளிய இயற்பியல்.

கார் வளைவில் திரும்பும்போது, முன் டயரின் ரப்பர் சாலையில் பதிந்து பக்கவாட்டில் சற்று முறுக்கிக்கொள்கிறது. அது மீண்டும் நேராக முயல்கிறது. அந்த விசைதான் ஸ்டியரிங்கைத் தானாக நடுவுக்குத் திருப்புகிறது. வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேராகிறதே, அதற்குக் காரணம் இதுதான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, முழுப் பிடிப்பும் போவதற்குக் கொஞ்சம் முன்பாகவே இந்தத் திருப்பு விசை குறையத் தொடங்கிவிடும். அதாவது ஸ்டியரிங் கையில் லேசாகும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ‘முன்பக்கம் விடுது’ என்று சொல்வது இதைத்தான். நல்ல ஸ்டியரிங் இந்த எச்சரிக்கையைத் தெளிவாகக் கொடுக்கும். மோசமான ஸ்டியரிங் கடைசி வரை ஒரே மாதிரி இருந்துவிட்டு, திடீரென்று கைவிட்டுவிடும்.

ஸ்டியரிங் கனமாக இருந்தால் ஃபீல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. கனம் வேறு, ஃபீல் வேறு. பலரும் குழம்பும் இடம் இதுதான்.

இன்றைய கார்களில் ‘ஸ்போர்ட்’ மோடு பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங் கனமாகிறது. பெரும்பாலான கார்களில் அங்கே நடப்பது, மோட்டார் தரும் உதவி குறைவது மட்டுமே. டயரிலிருந்து புதிய தகவல் எதுவும் கூடுதலாக வருவதில்லை. ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு போய்விடாது, அதுபோலத்தான்.

லேசான ஸ்டியரிங்கிலும் நல்ல ஃபீல் இருக்கலாம். சாலையின் சொரசொரப்பு, வளைவில் சீராக ஏறும் எதிர்ப்பு, பிடிப்பு குறையும்போது வரும் தளர்வு ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல ஸ்டியரிங்.

பவர் ஸ்டியரிங் வந்த பிறகுதான் ஃபீல் போனதா?

பாதி உண்மை. பழைய கார்களில் பவர் ஸ்டியரிங்கே கிடையாது. பிறகு ஹைட்ராலிக் முறை வந்தது. இன்ஜினால் சுழலும் பம்ப், எண்ணெய் அழுத்தம் கொடுத்து ஸ்டியரிங்கைத் திருப்ப உதவியது. இப்போது பெரும்பாலான கார்களில் இருப்பது எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங், சுருக்கமாக இபிஎஸ்.

இபிஎஸ் எப்படி வேலை செய்கிறது? ஸ்டியரிங் தண்டில் முறுக்கக்கூடிய ஒரு சிறு கம்பி இருக்கும். நீங்கள் எவ்வளவு விசையோடு திருப்புகிறீர்கள் என்பதை அந்தக் கம்பியின் முறுக்கத்தை வைத்து சென்சார் கணக்கிடும். அதைப் பார்த்து கணினி மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கும். தேவைப்படும்போது மட்டும் மோட்டார் ஓடுவதால் எரிபொருள் மிச்சம். தி.நகர் பாண்டி பஜாரில் பார்க்கிங் போடும்போது ஒரு விரலால் திருப்ப முடிவதும் இதனால்தான்.

ஆனால் மோட்டாரின் எடை, கியர்களின் உராய்வு, கணினியின் கணக்கு எல்லாம் சேர்ந்து டயரிலிருந்து வரும் சின்னச் சின்ன அதிர்வுகளை வடிகட்டிவிடுகின்றன. 2011-ல் போர்ஷே தன் 911 காரின் புதிய தலைமுறையில் ஹைட்ராலிக்கை விட்டு இபிஎஸ்ஸுக்கு மாறியபோது, உலகம் முழுக்க கார் ரசிகர்கள் இதைப் பெரிய விவாதமாக்கினார்கள். அதன் பிறகு இபிஎஸ் தொழில்நுட்பம் நிறையவே தேறிவிட்டது.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சிறிய கார்களில் மோட்டார் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். விலை குறைவு, ஆனால் மோட்டாருக்கும் டயருக்கும் நடுவே நிறைய இணைப்புகள் உண்டு. விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் மோட்டார் கீழே ரேக்கிலேயே பொருத்தப்படும். பொதுவாக அங்கே துல்லியம் கூடுதல்.

சென்னைக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு உண்டு. மயிலாப்பூரை ஒட்டிய கதீட்ரல் சாலையில்தான் ரானே குழுமத்தின் தலைமையகம் இருக்கிறது. 1929-ல் தொடங்கிய இந்தக் குழுமம், இந்தியாவின் முக்கிய ஸ்டியரிங் பாகங்கள் உற்பத்தியாளர்களில் ஒன்று. மேனுவல் ஸ்டியரிங் கியர், டை ராடு, பால் ஜாயிண்ட் முதல் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் வரை இந்தக் குழும நிறுவனங்கள் தயாரிக்கின்றன. கிரீம்ஸ் சாலையில் தலைமையகம் கொண்ட எம்.ஆர்.எஃப்., 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கி, டயர் உலகில் பெரிய பெயரானது.

1960-களில் வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரும் இந்தக் கதையில் வரும். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும் திறன் என்று திருப்புவதற்கு அருமையான கார். மாட வீதி போன்ற ஒடுக்கமான தெருக்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் அதன் பின் சஸ்பென்ஷன் வேறு கதை. வேகமான வளைவில் பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கும் பலவீனம் அந்த ‘ஸ்விங் ஆக்சில்’ வடிவமைப்பில் இருந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டியரிங் நன்றாக இருந்தால் மட்டும் கார் நன்றாக வளையாது. கையாளுதல் என்பது நான்கு சக்கரங்களும் சேர்ந்து செய்யும் வேலை.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

புதிய பாகம் வாங்குவதற்கு முன், இருப்பது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஃபீல் இல்லை’ என்ற புகார் இந்த முதல் கட்டத்திலேயே தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

*1. காற்றழுத்தம்*

ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். கார் குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு, டயர் குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் சுமார் 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை ஏறும். மே மாதம் மதியம் ஓஎம்ஆரில் ஓடி வந்த கையோடு பங்க்கில் அளந்து, ‘அதிகமா இருக்கே’ என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலை அழுத்தம் குறைந்திருக்கும். அழுத்தம் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் நெளியும், ஸ்டியரிங் மந்தமாகும். அதிகமானால் பிடிப்புப் பரப்பு குறையும், கார் குதிக்கும்.

*2. டயரின் வயது*

சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய பிரச்சினை இது. வாரம் முழுக்க ஷெட்டில் நின்று, ஞாயிறு விடியற்காலை மட்டும் ஈசிஆரில் ஓடும் கார் நிறைய உண்டு. டயரின் பள்ளங்கள் புதிதுபோல இருக்கும். ஆனால் வெயிலிலும் வெப்பத்திலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். கெட்டியான ரப்பரில் பிடிப்பும் குறைவு, தகவலும் குறைவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், தேய்மானம் இல்லாவிட்டாலும் நிபுணரிடம் காட்டுவது நல்லது.

*3. தேய்ந்த பாகங்கள்*

டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் மவுண்ட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் ‘ப்ளே’ இருந்தாலும் ஸ்டியரிங் துல்லியம் போய்விடும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பகுதிகளில் மாற்றுப்பாதையும் மேடுபள்ளமுமாகச் சாலைகள் இருந்த காலத்தில் ஓடிய கார்களில் இவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தாழ்வான டயரும் இறுக்கமான சஸ்பென்ஷனும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்கள் பள்ளத்தின் அடியை அதிகமாக வாங்கும்.

ரேக்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்து துருப்பிடிக்க வைக்கும். ஒரு சின்ன ரப்பர் பூட்டைக் கவனிக்காமல் விட்டால், கடைசியில் முழு ரேக்கையே மாற்ற வேண்டி வரலாம்.

வீல் அலைன்மென்ட்: மூன்று கோணங்கள், மூன்று குணங்கள்

செலவைப் பார்த்தால் மிக அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும் செய்தால் போதாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு நான்கு சக்கர அலைன்மென்ட் அவசியம்.

காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது அதிகமானால் நேர்கோட்டு நிலைத்தன்மையும் நடுவுக்குத் திரும்பும் உணர்வும் கூடும். ஸ்டியரிங் கொஞ்சம் கனமாகும்.

கேம்பர்: முன்னாலிருந்து பார்க்கும்போது டயரின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. உள்பக்கச் சாய்வு கொஞ்சம் கூடினால் வளைவில் பிடிப்பு கூடும். அளவு மீறினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும்.

டோ: மேலிருந்து பார்க்கும்போது இரண்டு டயர்களின் மூக்கும் உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பது. முன் சக்கரத்தில் சிறிது ‘டோ அவுட்’ வைத்தால் கார் சட்டென்று திரும்பும், ஆனால் நெடுஞ்சாலையில் நேராக ஓடாமல் அலையும். ‘டோ இன்’ அமைதியாக ஓட வைக்கும். மில்லிமீட்டர் கணக்கில் மாறினாலே வித்தியாசம் தெரியும்.

எதை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு ஒவ்வொரு காருக்கும் தயாரிப்பாளர் ஒரு வரம்பு கொடுத்திருப்பார். அந்த வரம்புக்குள் இருந்தபடியே ‘வளைவுக்குச் சாதகமான’ பக்கம் வைக்கச் சொல்லலாம். முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை மறு அளவீடு செய்ய வேண்டுமா என்றும் கேளுங்கள். கார் சறுக்கும்போது காப்பாற்றும் இஎஸ்சி அமைப்பு அந்த சென்சாரை நம்பித்தான் இயங்குகிறது.

ஒரு குறிப்பு: நம் சாலைகள் நீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும். அதனால் கார் மெதுவாக இடப்பக்கம் போவது இயல்பு. அதை அலைன்மென்ட் பிழை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

டயர், அலாய் மாற்றினால் என்ன ஆகும்?

ஸ்டியரிங் ஃபீலில் தனியொரு பாகத்தின் பங்கைப் பார்த்தால் டயருக்கே பெரிய இடம். அதே அளவில், நல்ல தரமான டயருக்கு மாறுவதே பாதுகாப்பான முதல் மேம்பாடு.

‘அகலமான டயர் போட்டா கார் ஒட்டிக்கிட்டு போகும்’ என்பது பாதி உண்மைதான். உலர்ந்த சாலையில் பிடிப்பு கூடலாம். ஆனால் சாலையின் தடங்களைப் பின்தொடர்ந்து ஸ்டியரிங் இழுக்கும். தேங்கிய மழைநீரில் அகல டயர் எளிதாக மிதக்கும்.

பக்கச் சுவர் குறைவான டயர் திருப்பத்தில் சுறுசுறுப்பு தரும். ஆனால் ஒரே பள்ளத்தில் அலாய் நெளிந்துவிடும் ஆபத்தும் கூடவே வரும். இன்னொன்று, அலாயின் ‘ஆஃப்செட்’. சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தினால் பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால் ஸ்டியரிங் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள இடைவெளி மாறி, பள்ளத்தில் ஸ்டியரிங் கையை உதறும். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருக்கமாக, எடை குறைந்த அலாய் தேர்வு செய்வதே நல்லது.

சஸ்பென்ஷன்: எதை முதலில் மாற்றுவது?

வரிசை முக்கியம். முதலில் ஷாக் அப்சார்பர். பழையது தளர்ந்திருந்தால் புதிய நல்ல ஷாக் போட்டாலே கார் பாதி மாறிவிடும். அடுத்து, ரப்பர் புஷ்களைப் புதிதாக்குவது. அதற்குப் பிறகுதான் ஸ்டெபிலைசர் பார், ஸ்பிரிங் எல்லாம்.

வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிக்கொண்டு போனால் அது அண்டர்ஸ்டியர். பின்பக்கம் சுழன்று வந்தால் ஓவர்ஸ்டியர். முன் ஸ்டெபிலைசரை மட்டும் இறுக்கமாக்கினால் பொதுவாக அண்டர்ஸ்டியர் கூடும். பின்பக்கத்தை இறுக்கினால் குறையும். ஆனால் அளவு மீறினால், ஈரச் சாலையில் பின்பக்கம் சொல்லாமல் சுழலும். எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பாருங்கள். நான்கையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ரேஸ் கார் பாகங்களை ரோடு காரில் போடலாமா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித் குமாரின் அணி போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் களமிறங்கி, தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததிலிருந்து இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் அதிகமாகவே எழுகிறது.

அந்த காரின் முன் சஸ்பென்ஷன் கைகளில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக ‘யூனிபால்’ என்ற உலோக உருண்டை பேரிங் இருக்கிறது. நெளிவே கிடையாது, அதனால் ஃபீல் அபாரம். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். தூசியிலும் மழையிலும் சீக்கிரம் தேயும், அடிக்கடி மாற்ற வேண்டும். ரேஸ் அணிக்கு அது சாதாரண வேலை. ஆர்.கே.மடம் சாலை வழியாக ஆபீஸ் போகிறவருக்குத் தேவையில்லாத தலைவலி.

சுவாரஸ்யமான இன்னொரு விஷயம், அந்த ரேஸ் காரில் இருப்பதும் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்தான். ஆக, இபிஎஸ் என்றாலே ஃபீல் இருக்காது என்று சொல்ல முடியாது. சுற்றியிருக்கும் பாகங்களும் மென்பொருளும்தான் தீர்மானிக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் நிர்ணயித்ததிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தேய்ந்த புஷ், ஷாக், டயரை அதே தரத்தில் மாற்றுவது பராமரிப்பு. அதில் பிரச்சினை இல்லை. காரின் உயரத்தைக் குறைப்பது, பாடிக்கு வெளியே நீட்டும் சக்கரம் போன்றவை சிக்கலில் கொண்டுபோய் விடலாம். செய்யும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படலாம்.

செய்யவே கூடாத ஒன்று, கம்பெனி ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட்டு சின்ன ‘ரேஸிங்’ வீல் மாட்டுவது. அதோடு ஓட்டுநரின் ஏர்பேக்கும் போய்விடும். திருப்புவது வேகமானதுபோலத் தோன்றும், ஆனால் ஸ்டியரிங் விகிதம் மாறுவதில்லை.

சோதித்துப் பார்க்க எங்கே போவது?

ஈசிஆர், மெரினா கடற்கரைச் சாலை, மேம்பாலங்கள் எல்லாம் அதற்கான இடம் அல்ல. பொதுச்சாலையில் அனுமதியின்றி ரேஸ் ஓட்டினால், முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க 189-வது பிரிவு இடம் தருகிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தூரத்துக்கு நடந்த இரவு நேர ஸ்ட்ரீட் ரேஸ்கூட, சாலைகளை முழுமையாக மூடி, தடுப்புச் சுவர் எழுப்பித்தான் நடத்தப்பட்டது.

எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. 1990-ல் திறக்கப்பட்ட, சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள சர்க்யூட். பொது ஓட்டுநர்களுக்கான டிராக் நாட்கள் அறிவிக்கப்படும்போது, ஹெல்மெட்டோடும் பயிற்சியாளரோடும் ஓட்டிப் பழகலாம். ஒரு நாள் டிராக் பயிற்சி, பல பாகங்களை மாற்றுவதைவிட உங்கள் கைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மழையில் ஸ்டியரிங் திடீரென லேசானால்?

இது ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டுமல்ல, எல்லா கார்களுக்கும் பொருந்தும். தேங்கிய நீரில் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல லேசானால், டயர் நீர் மேல் மிதக்கிறது என்று அர்த்தம்.

▪ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள்.
▪ பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள்.
▪ ஸ்டியரிங்கை நேராக, தளராமல் பிடியுங்கள். பதறித் திருப்பினால், டயர் மறுபடி தரையைப் பிடிக்கும் நொடியில் கார் அந்தப் பக்கம் பாயும்.
▪ டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மி.மீ. அளவைக் காட்டும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக: செலவு செய்ய வேண்டிய வரிசை

1. காற்றழுத்தம் சரிபார்ப்பு: செலவு ஏறக்குறைய இல்லை.
2. டயர் வயது, தேய்மானம் சோதனை.
3. பால் ஜாயிண்ட், டை ராடு, புஷ், ரேக் பூட் சோதனை.
4. நான்கு சக்கர அலைன்மென்ட், பிரிண்ட் அவுட்டோடு.
5. அதே அளவில் தரமான டயர்.
6. ஷாக் அப்சார்பர், புஷ் புதுப்பித்தல்.
7. இத்தனைக்கும் பிறகு குறை இருந்தால் மட்டும், சட்டத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் உட்பட்டு ஸ்டெபிலைசர், ஸ்பிரிங் மாற்றம்.

முதல் நான்கு படிகளும் மாருதி ஓட்டுபவருக்கும் போர்ஷே ஓட்டுபவருக்கும் ஒன்றுதான். அதை முடிக்காமல் ஏழாவது படிக்குத் தாவுவதுதான் பலரும் பணத்தைத் தொலைக்கும் இடம்.